ஒற்றைக் கையில் மடங்கும் வண்டி

“தண்ணி பாட்டில் ஒன்னத் தூக்கிட்டு முன்னால போற ஆளுக்கு, ரெண்டு கொழந்தையத் தூக்கிட்டுப் பின்னால வாரவ முதுகு ஒடியறது எப்படிங்க தெரியும்?”

புவனா இதைச் சொல்வது அன்று காலையில் மூன்றாவது முறை. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இட்லி வைக்கும்போது ஒரு முறை, சட்னி ஊற்றும்போது ஒரு முறை, இப்போது தட்டை எடுக்கும்போது ஒரு முறை. குரலில் கோபமும் இல்லை. ரயில் தாமதமாக வரும் என்று ஸ்டேஷனில் அறிவிப்பார்களே, அந்தக் குரல்.

பாட்டிலும் கனமாகத்தான் இருந்தது என்று சொல்ல சுரேந்தர் வாயைத் திறந்தான். அதற்குள் சோபாவிலிருந்து அவன் அம்மா பாவாத்தாள் குறுக்கே புகுந்தாள்.

“ரெண்டு லிட்டரு பாட்டிலுங்கூட இல்ல கண்ணு. ஒரு லிட்டரு. அதுலயும் பாதிய அவனே குடிச்சுப்போட்டான்.”

மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக இருக்கும் வீட்டில் ஆண்பிள்ளைக்கு அப்பீல் கிடையாது.

வழக்கு பழனிப் பயணம் சம்பந்தப்பட்டது. போன மாதம் குடும்பத்தோடு போனார்கள். மலையேறும் விஞ்சில் இடம் பிடிக்கிறேன் என்று பாட்டிலோடு முன்னால் ஓடியவன் சுரேந்தர். ஒன்றரை வயது தேஜஸ்ரீயை இடுப்பிலும், நாலு வயது ரித்திகாவைக் கையிலுமாக இழுத்துக்கொண்டு வந்தவள் புவனா. ரித்திகா நன்றாக நடக்கும் பிள்ளைதான். நடக்க வேண்டிய இடம் வந்தால் மட்டும் உட்கார்ந்துவிடுவாள்.

பழசை இப்போது கிளறுவதற்குக் காரணம் இருந்தது. அடுத்த மாதம் புனே போக வேண்டும். புவனாவின் அக்கா சிவகாமி அங்கே புது வீடு வாங்கியிருந்தாள். வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று தினமும் போனில் கூப்பிட்டாள். விமானப் பயணம். சுரேந்தரும் கூட வருவதாகத்தான் ஏற்பாடு.

வருவதில் சுரேந்தருக்கு ஒரு சின்னச் சங்கடம். அதே வாரத்தில்தான் அவனுடைய பாலிடெக்னிக் செட் கேரளத்து மலை ஊரான நெல்லியாம்பதியில் கூடுகிறது. கல்லூரியில் பக்கத்து பெஞ்சுக்காரன் சஹீர், எஸ்டேட் பங்களா ஒன்றையே பிடித்துவிட்டான். போகிற வழியில் வாளையாரைத் தாண்டியதும் கள்ளுக்கடை. கப்பைக் கிழங்கு. மீன் குழம்பு. அந்த மீன் குழம்பை நினைத்தே சுரேந்தர் இரண்டு வாரமாக வீட்டு ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் மூச்சு விடவில்லை.

இப்போது, மூன்றாம் முறை கேட்ட அந்தப் புகாரில், அவனுக்குத் திடீரென்று ஒரு வெளிச்சம் தெரிந்தது. புவனாவின் பிரச்சினை என்ன? குழந்தைகளைத் தூக்க ஆளில்லை. ஆளுக்குப் பதிலாக ஒரு நல்ல தள்ளுவண்டி இருந்தால்? ஒரே ஆள் தள்ளி, ஒரே ஆள் மடக்கி, ஒரே ஆள் விமானத்தில் ஏற்றக்கூடிய வண்டி கிடைத்துவிட்டால், இரண்டாவது ஆள் எதற்கு? அந்த இரண்டாவது ஆள் நெல்லியாம்பதியில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

“அம்மணி,” என்றான், குரலில் தேன் வழிய. “உனக்கு ஒரு ஸ்ட்ரோலர் வாங்கித் தாரேன். பிளேன்லயே உள்ள கொண்டுபோறாங்களே, சின்னதா மடங்கறது, அது.”

புவனா தட்டோடு நின்றாள். கல்யாண நாளுக்குப் பூ வாங்கவே இரண்டு தடவை போன் செய்து நினைவுபடுத்த வேண்டிய மனிதர். நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தாள். பிறகு, “சரிங்க,” என்றாள்.

---

சுரேந்தருக்குக் கோவை கணபதியில் பம்புசெட் பட்டறை. பட்டறை சின்னது, பேச்சு பெரிய கம்பெனி. எதை வாங்கினாலும் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இதை நம்ம லேத்துல போட்டா இன்னும் நல்லா வரும்” என்பது அவன் வழக்கம். அப்படிக் கழற்றிய ஒரு மிக்ஸி இன்னும் பரணில் இருக்கிறது, மூன்று கவர்களில்.

காந்திபுரத்துக் குழந்தைச் சாமான் கடைக்கு அவன் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் போனான். கூடவே ஓர் அரிசிச் சிப்பத்தையும் தோளில் சுமந்து போனான்.

“இது எதுக்குங்க சார்?” என்றார் கடைக்காரர்.

“டெஸ்ட் பண்றதுக்குங்க.”

“கொழந்தைய உக்கார வெச்சே பாக்கலாமுங்களே. கூடத்தான இருக்குது?”

“கொழந்தை ஆடுமுங்க. லோடு ஸ்டெடியா இருக்கோணும்.”

முதல் வண்டியில் அரிசி மூட்டையை உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டு, கடைக்குள் இரண்டு சுற்றுத் தள்ளினான். எதிரே வந்த ஓர் அம்மாள் குழந்தையைக் கொஞ்சுவதற்குக் குனிந்து, “பொன்னி அரிசிங்களா?” என்று விசாரித்துவிட்டுப் போனார். புவனா தேஜஸ்ரீயை இடுப்பில் வைத்துக்கொண்டு, தனக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தமில்லாததுபோல் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வண்டி, சக்கரமெல்லாம் டிராக்டர் மாதிரி. அதைத் தூக்கவே ஒரு குடும்பம் வேண்டும். இரண்டாவது குடை மாதிரி மடங்கியது. அரிசியை வைத்ததும் உட்காரும் இடம் தரையைத் தொட்டது.

“இது என்னங்க, தொட்டிலுங்களா வண்டிங்களா?”

“அரிசிக்குப் பண்ணுனது இல்லீங்க சார்.”

“கோவிச்சுக்காதீங்க. கேக்கறது தப்புங்களா?”

“தப்பே இல்லீங்க. நீங்க கேளுங்க. பின்னால நாலு பேரு நிக்கறாங்க, அவிகளும் கேக்கட்டுமுங்க.”

இந்த ஊரில் சண்டையே இப்படித்தான் நடக்கும். கேட்பவருக்கு விருந்து உபசாரம் போல இருக்கும்.

மூன்றாவது வண்டி கறுப்பு. மடக்கினால் ஒரு பைக்குள் அடங்கியது. தோளில் மாட்ட வார் இருந்தது. சுரேந்தர் சக்கரத்தைச் சுழலவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டான்.

“உள்ள புஷ்ஷுங்களா, பேரிங்குங்களா?”

கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. வேறு விவரம் இல்லை.

“சரி அது போகட்டும். ஒரே ஆளு மடக்கலாமுங்களா?”

“தாராளமாங்க.”

“ஒரு கையில கொழந்தைய வெச்சுக்கிட்டு?”

“மடக்கலாமுங்க. அப்படி முடியலைன்னா சார் கூட இருக்கறீங்கல்ல, நீங்க ஒரு கை புடிச்சீங்கன்னா...”

“நான் இல்லைன்னு வெச்சுக்கங்க.”

தேஜஸ்ரீயின் கவுன் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த புவனாவின் விரல்கள் அரை நொடி நின்றன. பிறகு பொத்தானைப் போட்டன. பிறகு அடுத்த பொத்தானையும் போட்டன.

சுரேந்தர் இதைக் கவனிக்கவில்லை. அவன் சக்கரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

---

வண்டி வீட்டுக்கு வந்தது. புவனாவுக்கு அதை மடக்க வரவில்லை.

“பட்டனை அமுக்கோணும். அப்படியே கைப்பிடியத் திருகோணும். அப்பறம் கீழ தள்ளோணும். அவ்வளவுதான்.”

புவனா அமுக்கினாள். திருகினாள். தள்ளினாள். வண்டி அப்படியே நின்றது.

“கெரகம், எனக்கு வரமாட்டேங்குதுங்க.”

குக்கர் வால்வை ஹேர்பின்னால் குத்திச் சரிசெய்கிறவள். தையல் மிஷினைத் தானே பிரித்து எண்ணெய் விடுகிறவள். அவளுக்கு ஒரு பட்டன் வரவில்லை என்றால் யாருக்கும் கொஞ்சம் சந்தேகம் வரும். சுரேந்தருக்கு வரவில்லை. மனைவி சொல்லும் மற்ற எதையும் புருஷன்மார் குறுக்கு விசாரணை செய்வார்கள். எனக்குத் தெரியாது என்று அவள் சொன்னால் மட்டும் அப்படியே நம்பிவிடுவார்கள்.

“இங்க பாரு, நான் காட்டறேன்,” என்றான்.

பம்புசெட் தொழிலில் இது முக்கியமான வார்த்தை. மோட்டார் வாங்க வருகிற விவசாயி பேச்சை நம்ப மாட்டார். தண்ணீர்த் தொட்டி மேல் மோட்டாரை வைத்து, ஓட்டிக் காட்ட வேண்டும். தண்ணீர் பாய்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பணப்பையைத் திறப்பார். சுரேந்தர் ஓட்டிக் காட்டுவதில் கெட்டிக்காரன். அந்தத் தொழிலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஓட்டிக் காட்டியவன் நம்பரைத்தான் விவசாயி போனில் பதிந்து வைப்பார். மோட்டார் நின்றால், கிணற்றடிக்கு வந்து நிற்க வேண்டியவனும் அவனே. இதையும் சுரேந்தர் அறிவான். பட்டறையில் அறிந்ததை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம்தான் இல்லை.

முதல் நாள் வெறும் வண்டியை மடக்கிக் காட்டினான். புவனா செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டாள், பார்த்துப் பழகுவதற்கு.

“சும்மா மடக்கறது யாருக்கும் வருமுங்க. தேஜு இடுப்புல இருந்தா?”

தேஜஸ்ரீயை இடுப்பில் வைத்துக்கொண்டு மடக்கிக் காட்டினான்.

“அவ பசிச்சு அழுதா?”

பால் கலக்கிக் கொடுத்துக் காட்டினான். எத்தனை கரண்டி பவுடர் என்று புவனா சொல்லிக் கொடுத்தாள்.

“நடுவழியில டயபர் மாத்தோணும்னா?”

இந்த இடத்தில் சுரேந்தர் சற்றுத் தயங்கினான். ஆனால் கள்ளுக்கடையின் பெஞ்சும், வாழையிலையில் கப்பையும் கண்முன் வந்து நின்றன. டயபர் மாற்றிக் காட்டினான். முதலில் முன்பின்னாக மாட்டினான். அடுத்த நாள் சரியாக மாட்டினான்.

“ரித்தி நடக்கமாட்டேன்னு உக்காந்துட்டா?”

அதற்கும் வழி கண்டான். பெரியவளை வண்டியில் உட்கார வைத்து, சின்னவளைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு, ரேஸ்கோர்ஸ் ரோட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். நடைப்பயிற்சிக்கு வந்த பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் புருஷனை இடித்துக் காட்டினாள். புவனா பத்தடி பின்னால் கையை வீசிக்கொண்டு நடந்தாள். அவள் கையில் தண்ணீர் பாட்டில்கூட இல்லை.

பாவாத்தாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். “என்ற பையன் இத்தனை வேலை செய்வான்னு முப்பத்தெட்டு வருசமா எனக்கே தெரியாமப் போச்சு பாரு,” என்று மருமகளிடம் சொன்னாள். “எதுக்காச்சும் ஆகும்னு தெரிஞ்சிருந்தா அப்பவே வேல வாங்கியிருப்பனே.”

“இப்ப வாங்கிக்கலாமுங்க அத்தை,” என்றாள் புவனா.

சுரேந்தருக்கு இது பாராட்டாகவே கேட்டது.

கடைசிச் சோதனை பஸ். “கார்ல, ரோட்டுல எல்லாம் சரிங்க. கூட்டத்துல ஏத்தி இறக்குனாத்தான் நான் நம்புவேன். எங்கப்பா ஊட்டுக்குப் போய்க் காட்டுங்க,” என்றாள் புவனா. அவள் அப்பா வீடு கிணத்துக்கடவில். சுரேந்தர் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினான். ஒரே உதறலில் வண்டியை மடக்கித் தோளில் மாட்டி, ஒன்றை இடுப்பில் வைத்து, ஒன்றைக் கையில் பிடித்து, கண்டக்டரே அசந்துபோகும்படி ஏறினான். “ஊட்டுல அம்மணி இல்லீங்களா?” என்று கண்டக்டர் இரக்கத்தோடு கேட்டு, டிரைவருக்குப் பின்னால் சீட் பிடித்துக் கொடுத்தார்.

கிணத்துக்கடவில் மாமனார் பொங்கியண்ணன் தென்னை மட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தனியாக, இரண்டு பேத்திகளோடு, தோளில் ஒரு பையோடு வருவதைப் பார்த்ததும் மட்டையைப் போட்டுவிட்டார்.

“வாங்க மாப்ளே... ஏனுங்க, ஊட்டுல ஏதாச்சும் மனத்தாங்கலுங்களா?”

“அதெல்லாம் ஒன்னுமில்லீங்க மாமா. சும்மா ஓட்டிக் காட்டறனுங்க.”

“எதைங்க?”

“கொழந்தைகளைங்க.”

பொங்கியண்ணனுக்கு இன்னும் கவலை அதிகமாகிவிட்டது. சொந்தக்காரர் நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசிவிடலாமா என்று அவர் செருப்பை மாட்டும்போது, புவனா காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். தூங்கி எழுந்த முகம். கூட வந்த பாவாத்தாள், காரை ஓட்டிவந்த டிரைவருக்கு முறுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று பொழுதோடு வீடு திரும்பும்போது சுரேந்தர் காயை நகர்த்தினான்.

“பாத்தியல்ல அம்மணி? ரெண்டு கொழந்தையும் ஒரே ஆளு சமாளிக்கலாம். இந்த வண்டிய வெச்சுக்கிட்டு ஒருத்தரே காசி வரைக்கும் போலாம்.”

“ஆமாங்க. நான்கூட முடியாதுன்னுதான் நெனச்சேன்.”

“அப்ப... புனேவுக்கு நானும் வந்தாகோணும்னு இல்லீல்ல? பட்டறையில ஆர்டர் நெருக்குது. அந்த வாரத்துலதான் டெலிவரி.”

“அட, வேண்டாமுங்க. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? நீங்க இருங்க. டிக்கெட்ட அக்காளே போட்டுருவா.”

இத்தனை சுலபமாக ஒரு கதவு திறந்தால், கொஞ்சம் நின்று அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. சுரேந்தர் மொட்டை மாடிக்குப் போய் சஹீருக்குப் போன் போட்டான். “மச்சா, நான் வாரேன்டா!”

---

புறப்படும் நாள் காலையில் சுரேந்தர் மிக உற்சாகமாக இருந்தான். பெட்டிகளை அவனே காரில் ஏற்றினான். குழந்தைகளின் பையை ஏற்றினான். அதற்கடியில், யாருக்கும் தெரியாமல், தன் பையையும் ஏற்றினான். விமான நிலையத்திலிருந்து நேராக வாளையார். சஹீரும் மற்றவர்களும் கள்ளுக்கடையில் காத்திருப்பார்கள்.

பாவாத்தாளும் காரில் ஏறினாள். பட்டுச்சேலை, புதுச் செருப்பு. வழியனுப்ப வருபவள் எதற்குப் பட்டுச்சேலை கட்டுகிறாள் என்று சுரேந்தர் கேட்கவில்லை. அம்மாவுக்கு ஏரோட்ராம் பார்க்க ஆசையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கினான். குழந்தைகளின் பையில் கை வைத்தபோது புவனா தடுத்தாள்.

“அது உள்ளயே இருக்கட்டுமுங்க.”

“கொழந்தைக துணி அம்மணி.”

“தெரியுமுங்க.”

அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். பாவாத்தாள் தன் பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டினாள். பலநாள் பழகியவள் போல இழுத்தாள். இருவரும் வரிசையில் போய் நின்றார்கள். புவனா போனை நீட்டினாள். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் பார்த்தார். இரண்டு பெயர். இரண்டு தலை. சரியாக இருந்தது.

சுரேந்தர் தேஜஸ்ரீயை இடுப்பிலும், மடக்கிய வண்டியைத் தோளிலும், ரித்திகாவைக் கையிலுமாக இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். “புவனா, கொழந்தைக டிக்கெட்டு?”

“கொழந்தைகளுக்கு எதுக்குங்க டிக்கெட்டு? அவிக உங்ககூட இருக்கறாங்க.”

“எ... என்கூடவா? வெளையாடாத அம்மணி!”

“நீங்கதானுங்க ஓட்டிக் காட்டுனீங்க. பால், டயபர், பஸ்சு, எல்லாம். வீடியோவப் பாத்துட்டு எங்கக்கா, இப்படி ஒரு மனுசன் ஊட்டுல இருக்கறப்ப நீ எதுக்குடி கொழந்தைகளையும் இழுத்துக்கிட்டு வாரேன்னு கேட்டுட்டா. பதில் சொல்ல முடியலீங்க.”

“அம்மா, நீயாச்சும்...”

“நானும் செத்த ஊரு பாத்துப்போட்டு வாரேன் சாமி,” என்றாள் பாவாத்தாள். “பூனாவுல இருந்து சீரடி பக்கந்தானாமா. மேகத்த மேல இருந்து பாக்கோணும்னு நெம்ப நாள் ஆசை.”

சுரேந்தர் கடைசி ஆயுதத்தை எடுத்தான். “பட்டறையில டெலிவரி இருக்குது புவனா! ஆர்டர்!”

“இருக்குமுங்க. சஹீர் அண்ணன் சம்சாரம் சொன்னாங்க.” புவனா நிதானமாகச் சொன்னாள். “நெல்லியாம்பதியில நல்ல குளிருன்னாங்க. கொழந்தைக பையில ஸ்வெட்டர் வெச்சிருக்கறேன். உங்க பைக்கு மேலதான் இருக்குது. போறதுன்னா தாராளமாக் கூட்டிக்கிட்டுப் போங்க. கள்ளுக்கடையில மட்டும் ரித்திய எறக்கி விடாதீங்க, வந்து எல்லாத்தையும் என்கிட்டச் சொல்லிப்போடுவா.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். சுரேந்தர் தோளிலிருந்த வண்டியை இறக்கி விரிக்கப் பார்த்தான். பட்டனை அமுக்கினான். திருகினான். இடுப்பில் தேஜஸ்ரீ துள்ளியதில் அது திறக்கவில்லை. புவனா குனிந்து, ஒற்றைக் கையால் கைப்பிடியைப் பிடித்து, ஒரு சுண்டு சுண்டினாள். ‘டக்.’ வண்டி நாலு காலில் நின்றது. தேஜஸ்ரீயை வாங்கி உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் முத்தம் கொடுத்தாள்.

“வந்துருச்சுங்க,” என்றாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. பட்டுச்சேலையும் சுடிதாரும் உள்ளே போயின. கதவு மூடியது. இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டே போவது வெளியிலிருந்து தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. சஹீர். தேஜஸ்ரீ அம்மாவைத் தேடி அழ ஆரம்பித்தாள். ரித்திகா அவன் பேன்ட்டைப் பிடித்து இழுத்து, “அப்பா, அவசரமா வருது” என்றாள். சொல்லிவிட்டு வரிசைகட்டி நின்ற டாக்சிகளுக்கு நடுவே ஓடத் தொடங்கினாள்.

சுரேந்தர் வாசல் காவலரைப் பார்த்தான்.

“ஏனுங்க சார், செத்த நேரம் இந்த வண்டியப் புடிச்சுக்கறீங்களா?”

காவலர் அடுத்தவருடைய டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.